சுண்டுவிரலுக்கு வேலை இல்லை

பீச்சாங்கைதான் மேலே.
செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில்
முதல் நாள் இதைக் கேட்டதும்
யாருமே ஒரு நொடி தயங்குவார்கள்.
காசு கொடுக்காத கை,
கல்யாணப் பத்திரிகை வாங்காத கை
வெள்ளைத் தோலுறை போட்டுக்கொண்டு
முதலில் போய்ப் பிடிக்கிறது மட்டையை.
சோத்தாங்கை அப்புறந்தான்,
கீழே, ஒத்தாசைக்கு.

நான் பை சுமக்கிறவன். பதினோரு வருஷம்.
கோச் ஜெபமணி சொல்வதெல்லாம்
எனக்கு மனப்பாடம்.
உள்ளங்கையில் வைக்காதீங்க, விரலில் வையுங்க.
சுண்டுவிரல் அடியில் தொடங்கி
ஆள்காட்டியின் நடுக்கணுவில் முடியணும்.
கடைசி மூணு விரல்தான் பிடிக்கும்.
கட்டைவிரல் தண்டின்மேல் படுத்துக் கிடக்கட்டும்,
அதற்கு அதிகாரம் கிடையாது.

காலை நாலரைக்கு எனக்கு இன்னொரு வேலை உண்டு.
ரெண்டு சிந்து மாடு, சொசைட்டிப் பால்.
காம்பைப் பிடிக்கிற அளவுதான் இதுவும்:
இறுக்கினால் உதைக்கும்,
விட்டால் வராது.
ஜெபமணியிடம் ஒருதரம் சொன்னேன்.
"ஆறுச்சாமி, பையைத் தூக்கு" என்றார்.

அந்த வியாழக்கிழமை ஜெபமணிக்குக் காய்ச்சல்.
பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஆடிக்காற்று
கொடிக்கம்பங்களை வளைத்துக்கொண்டிருந்தது.
டாக்டர் பூங்கோதை,
தலைமுடியைவிட மெல்லிய நூலில்
கை நரம்பு தைக்கிறவர்,
ஏழாம் நம்பர் இரும்பைக்
கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பதுபோல்
பிடித்திருந்தார்.
விரல் முட்டிகள் வெளுத்துக் கிடந்தன.
நாலு அடி. நாலும் மண்.

"லேசா விடுங்க டாக்டர்."
வாய் தவறி வந்துவிட்டது.
"புடிச்சுக் காட்டுங்க" என்று நீட்டினார்.

பிடித்தேன்.
சோத்தாங்கைச் சுண்டுவிரல் தண்டைத் தொடக் கூடாது.
பீச்சாங்கையின் ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும்
இடைப்பட்ட பள்ளத்தில்
சும்மா சவாரி வரணும்.
என்னிடம் பள்ளம் இருந்தது.
சவாரிக்கு ஆளில்லை.

அவர் பிடியைப் பார்க்கவில்லை.
"எந்த மெசினுங்க?"
"பவர் பிரஸ்ஸுங்க. கணபதியில. மோட்டார் தகடு."
"வெரல ஐஸ்ல வெச்சுக் கொண்டாந்திருந்தா..."
"தேடலீங்க.
அன்னிக்கு ராத்திரி லோடு ஏறோணும்னு
மறுபடி சுவிட்சப் போட்டுட்டாங்க."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மட்டையைத் திரும்ப வாங்கினார்.
தோள் இறங்கியது.
முட்டிகளுக்கு ரத்தம் வந்தது.
தையல்மேல் பஞ்சை வைக்கிறமாதிரி
தன் சுண்டுவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார்.

அஞ்சாவது அடிக்குச் சத்தமே வேறு,
ஈரவேட்டியை ஒரே உதறாக உதறினாற்போல.
பந்து நேராகத்தான் கிளம்பியது.
பாதி வழியில் காற்று பிடுங்கிக்கொண்டு போய்ச்
சீமைக்கருவேலுக்குள் எறிந்தது.
மயிலொன்று சலித்துக்கொண்டு வெளியே நடந்து வந்தது.

தொலைந்த பந்தைத் தேட மூணு நிமிஷம்.
விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.
முன்பெல்லாம் அஞ்சு.
நான் குனிந்து நுழைந்தேன்,
முள் சட்டையைப் பிடித்தது.
பின்னால் சருகு மிதிபடும் சத்தம்.

"வுடுங்க டாக்டர், பையில வேற பந்து இருக்குது."
"தேடலாம்" என்றார்.

வேறு யாரோ தொலைத்த பந்துகள்
ரெண்டு கிடைத்தன,
ஒன்று மஞ்சள்.
மூணு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது.
அவர் தோலுறையைக் கழற்றிவிட்டு
மண்டியிட்டு
இன்னும் ஒரு கிளையை விலக்கிக்கொண்டிருந்தார்.